மகளிர் சடுகுடுவும் கல்கத்தா நகரமும்

கல்கத்தாவில் குடியேறி வாழும் தமிழன்பர்களுக்கு அலிப்பூர் என்றவுடன் இரண்டு இடங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, 1876ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மிருகக்காட்சிசாலை. குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போகாத குடும்பம் அரிது. மற்றொன்று, பெல்விடியர் மாளிகை வளாகத்திலுள்ள தேசிய நூலகம். தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை அவர்கள் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் இந்நூலகத்திலேதான் தனித் தொகுதியாகப் பேணப்படுகின்றன. திருநெல்வேலிச் சீமையில் பிறந்த ஒருவரது புத்தகங்கள் வங்கத் தலைநகரில் வந்து தங்கியிருப்பதை எண்ணும்போது, பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் நாம் மட்டுமல்லர் என்று ஓர் ஆறுதல் பிறக்கிறது.

மூன்றாவதாக ஓரிடமும் அலிப்பூரில் உண்டு. ஆதிகங்கைக் கால்வாயை ஒட்டி, சிவந்த நெடுஞ்சுவர்களோடு நிற்கும் பழைய மத்தியச் சிறைச்சாலைதான் அது. 2022ஆம் ஆண்டு முதல் அஃது ஒரு காட்சியகமாக மாறி, பொதுமக்கள் உள்ளே சென்று காண வழி ஏற்பட்டிருக்கிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மகளிர் சடுகுடு. சடுகுடுவுக்கும் சிறைச்சாலைக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சற்று நேரம் கழித்துச் சொல்கிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் ஊரில் சடுகுடு என்றும், பலீஞ்சடுகுடு என்றும் அழைத்ததை வங்காளத்தார் ஹாடுடு என்பர். மராட்டியத்தில் ஹுதுது. கபடி என்ற பெயர் இன்று எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. அது நம் ‘கைபிடி’யின் திரிபே என்று சொல்வோர் நம்மிடையே உளர். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் ஒலி ஒற்றுமை ஒன்றையே கொண்டு உறவு கொண்டாடுவதில் எனக்கு அவ்வளவு ஊக்கமில்லை. பெயர் எதுவாயினும் ஆட்டத்தின் உயிர் ஒன்றே. இரு கட்சியார், நடுவே ஒரு கோடு. ஒருவர் மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டே எதிர்க்கட்சியின் எல்லைக்குள் புகுந்து, தொட்டவரைத் தோற்கடித்து, மூச்சு அறுமுன் திரும்பிவிட வேண்டும். பந்தில்லை, மட்டையில்லை, காசு கொடுத்து வாங்கவேண்டிய பொருள் ஒன்றுமே இல்லை. ஏழைகளின் ஆட்டமாக இது நின்று நிலைத்ததற்கு அதுவே காரணம். தமிழ்நாட்டின் மாநில விளையாட்டும் இதுதான். அண்டை நாடான வங்காள தேசத்தின் தேசிய விளையாட்டும் இதுதான்.

கிராமத்து ஆட்டம் சட்டதிட்டங்களோடு கூடிய போட்டியாக மாறியது இருபதாம் நூற்றாண்டில்தான். 1923ஆம் ஆண்டை ஒட்டி மராட்டியப் பகுதியிலும் பரோடாவிலும் விதிகள் வகுக்கப்பட்டன. 1936இல் பெர்லின் ஒலிம்பிக் விழாவின்போது அமராவதியிலிருந்து சென்ற ஹனுமான் வியாயாமப் பிரசாரக மண்டலத்தார் இதனை அயல்நாட்டார் முன் ஆடிக் காட்டினர். 1938இல் இந்திய ஒலிம்பிக் விளையாட்டு விழா கல்கத்தாவில் கூடியபோது, கபடி முதன்முறையாக அவ்விழாவில் இடம் பெற்றது. 1950இல் அகில இந்திய அளவில் ஒரு சம்மேளனம் அமைந்தது. 1952இல் ஆடவருக்கான முதல் தேசியப் போட்டி நடந்தது; நடந்த இடம் நம் சென்னை. மூன்றாண்டு கழித்து, 1955இல், மகளிருக்கான முதல் தேசியப் போட்டி நடந்தது. நடந்த இடம் கல்கத்தா.

இந்த இரண்டு ஊர்ப்பெயர்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆடவர் போட்டிக்குச் சென்னை, மகளிர் போட்டிக்குக் கல்கத்தா. சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு ஹௌரா மெயிலில் வந்திறங்கிய நமக்கு, இவ்வரிசை ஏதோ நம் பொருட்டே அமைந்தது போலத் தோன்றினால் வியப்பில்லை.

ஊரில் நம் பெண்கள் என்ன ஆடினார்கள்? கும்மி, கோலாட்டம், பல்லாங்குழி, பாண்டி, அம்மானை. யாவும் அழகிய ஆட்டங்கள். எதிலும் ஒருத்தி மற்றொருத்தியைப் பிடித்துக் கீழே தள்ளுவதில்லை. சடுகுடுவோ புழுதியில் புரளும் ஆட்டம். காலைப் பிடிப்பார்கள், இடுப்பைக் கட்டுவார்கள், நால்வராகச் சேர்ந்து ஒருவரை அமுக்குவார்கள். முழங்கை சிராய்க்கும், ஆடை கிழியும். பெண் வயதுக்கு வந்தபின் தெருவில் ஓடுவதையே விரும்பாத சமூகம், அவள் இவ்வாறு ஆடுவதற்கு எளிதில் இசைந்திருக்க முடியாது. இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய குணமுமன்று. வங்காளத்துப் பத்ரலோகக் குடும்பங்களிலும் கட்டுப்பாட்டுக்குக் குறைவில்லை. பின், கல்கத்தாவில் அந்த இசைவு எங்கிருந்து வந்தது?

இங்கேதான் நான் முன்னே சொன்ன சிறைச்சாலை குறுக்கிடுகிறது.

வங்கத்தில் தேசிய உணர்ச்சி கொதித்தெழுந்த காலத்தில் உடற்பயிற்சி ஒரு விரதம் போலக் கொள்ளப்பட்டது. 1902இல் தோன்றிய அனுசீலன் சமிதி வெளித்தோற்றத்தில் ஓர் உடற்பயிற்சிக் கழகமே. அடுத்த ஆண்டிலேயே தாகூர் குடும்பத்து உறவினரான சரளா தேவி சௌதுராணி இளைஞர்களுக்கு வாட்பயிற்சியும் மற்போரும் வீரவிழாக்களும் ஏற்படுத்தினார். அவர் ஒரு பெண் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அவர் அன்று திரட்டியது ஆண்பிள்ளைகளை. 1908, 1909ஆம் ஆண்டுகளில் அலிப்பூர் நீதிமன்றத்தில் நடந்த வெடிகுண்டு வழக்கை நம்மவர் மறந்திரார். அவ்வழக்கிலிருந்து விடுதலையான அரவிந்தர்தாம் 1910இல் கப்பலேறிப் புதுச்சேரிக்கு வந்து, நம்மிடையே நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார்.

பெண்களின் முறை சற்றுப் பின்னால் வந்தது. 1923இல் டாக்காவில் லீலா நாக் அம்மையார் தீபாலி சங்கத்தைத் தொடங்கினார். 1928இல் கல்கத்தாவில் கல்லூரி மாணவியர் சேர்ந்து சாத்ரி சங்கம் என்ற பெயரில் ஒரு மாணவியர் கழகம் அமைத்தனர். படிப்பு வட்டங்களோடு நீச்சல், சைக்கிள் ஓட்டுதல், லாட்டி என்னும் கோற்பயிற்சி ஆகியவையும் அங்கே கற்பிக்கப்பட்டன. பாவாடையும் புடவையும் தடுக்காமல் கோல் சுழற்றப் பெண்கள் பழகினார்கள். அவர்களுக்குக் கோல் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவருள் ஒருவர் தினேஷ் மஜும்தார் என்னும் யுகாந்தர் கட்சி இளைஞர். பின்னாளில் புரட்சி இயக்க வரலாற்றை எழுதிய கமலா தாஸ்குப்தா அவரிடம் கோற்பயிற்சி பெற்றவர். மஜும்தாரை அரசாங்கம் பிடித்து, 1934ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் தூக்கிலிட்டது. தூக்கிலிட்ட இடம் அலிப்பூர் மத்தியச் சிறை.

சாத்ரி சங்கத்துப் பெண்கள் கபடி ஆடினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் நோக்கமும் விளையாட்டன்று. ஆனால் பெண்ணின் உடல் வலிமை வெட்கப்படத்தக்க பொருளன்று என்ற எண்ணம் இந்நகரத்தில் விலை கொடுத்து வாங்கப்பட்டது. அவ்விலையில் ஒரு பகுதி அலிப்பூர்ச் சிறையின் தூக்குமேடையில் செலுத்தப்பட்டது. கோல் சுழற்றிய அம்மாணவியருக்கும் 1955இல் கோட்டைத் தாண்டிப் பாடிச் சென்ற பெண்களுக்கும் இடையே ஒரு தலைமுறைக்கு மேல் இல்லை. ஒரே நகரத்து அக்காளும் தங்கையும் என்றே நான் அவர்களை எண்ணுகிறேன்.

1955க்குப் பின் நடந்ததைச் சொல்லும்போது மகிழ்ச்சி சிறிது குறைகிறது. உள்நாட்டில் மகளிர் கபடி வளர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகப் போட்டிகளிலும் பள்ளிப் போட்டிகளிலும் கபடி இடம் பெற்றது. மகளிருக்கெனத் தனி அளவும் வகுக்கப்பட்டது: ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது, மகளிர் களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். ஒரு கட்சிக்கு எழுவர் என்பது இருபாலார்க்கும் பொது. 1974இல் நீலிமா சரோல்கர் அர்ஜுனா விருது பெற்றார். 1981இல் மோனிகா நாத்தும், 1986இல் ரமா சர்க்காரும் அதே விருதைப் பெற்றனர். ஆக, ஆட்டம் இருந்தது, ஆட்டக்காரியர் இருந்தனர், அரசின் பாராட்டும் இருந்தது. நாட்டின் எல்லையைக் கடந்து போய் ஆடுவதற்கு ஒரு களம்தான் இல்லை.

ஆடவருக்கோ வாயில்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1980இல் முதல் ஆசியக் கபடிப் போட்டி நடந்தது, அதுவும் கல்கத்தாவிலேயே. இந்தியா வங்காள தேசத்தை வென்று வாகை சூடியது. 1982இல் தில்லி ஆசிய விளையாட்டில் கபடி ஒரு காட்சி ஆட்டமாக நடைபெற்றது. 1985இல் டாக்காவில் கூடிய தெற்காசிய விளையாட்டு விழாவில் பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. 1987இல் அவ்விழா கல்கத்தாவுக்கே வந்தது. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் ஆடவர் கபடி ஏறியது. இந்தியா தங்கம் வென்றது. இத்தனை விழாக்களிலும் மகளிர் கபடிக்கு இடமில்லை. மகளிருக்கு முதல் தேசியப் போட்டி நடத்திய நகரத்திலேயே தெற்காசிய விழா நடந்தபோதும் இல்லை.

பெண்கள் பன்னாட்டு விழாவில் குழு ஆட்டம் ஆடக்கூடாது என்ற கருத்தால் இது நேர்ந்ததென்றும் கூற இயலாது. அதே 1982ஆம் ஆண்டில், அதே தில்லியில், மகளிர் ஹாக்கி ஆசிய விளையாட்டில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. எலிசா நெல்சன் தலைமையில் இந்திய மகளிர் தங்கமும் வென்றனர். மட்டை பிடித்த பெண்ணுக்குத் திறந்த கதவு, மூச்சுப் பிடித்த பெண்ணுக்கு ஏன் திறக்கவில்லை? ஹாக்கியை ஆடும் பெண்கள் பல நாடுகளில் இருந்தார்கள் என்பது ஒரு விடை. கபடிக்கு அப்படியில்லை, எதிர்த்து ஆட அயல்நாட்டு அணிகள் போதுமானவை இல்லாதபோது போட்டி எங்ஙனம் நடத்துவது என்று கேட்கலாம். ஆனால் போட்டி என்று ஒன்று இருந்தால்தானே பிற நாடுகள் அணி திரட்டும்? மரம் இல்லாததால் நிழலில்லை; நிழலில்லாததால் அங்கே எவரும் மரம் நட வருவதில்லை என்ற கதைதான். இவ்வட்டத்தை உடைக்கும் பொறுப்பு, இந்த ஆட்டத்தைத் தன்னதென்று சொல்லிக்கொண்ட நம் நாட்டினுடையது. நாம் மிகவும் காலம் தாழ்த்தினோம் என்பதே என் கருத்து.

வட்டார விளையாட்டு விழாக்களின் சிறப்பே உலகப் பெருவிழாக்களில் இடம் கிட்டாத ஆட்டங்களுக்கு அவை இடம் கொடுப்பதுதான். தென்கிழக்கு ஆசியாவை நோக்குங்கள். கூடத்துத் தரையில் இலேசான மட்டைகொண்டு துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் பந்தைத் தட்டி ஆடும் ஃப்ளோர்பால் என்றோர் ஆட்டம் உண்டு; ஸ்வீடன் முதலிய வட ஐரோப்பிய நாடுகளில் செழித்தது. நம்மில் பலர் அதன் பெயரையே கேட்டிருக்க மாட்டோம். 2015இல் சிங்கப்பூரில் தென்கிழக்கு ஆசிய விளையாட்டு விழா நடந்தபோது, அது பதக்கத்துக்குரிய ஆட்டமாக முதன்முறை ஏறியது. ஆடவருக்கு ஒன்று, மகளிருக்கு ஒன்று என்று இரு போட்டிகளும் ஒரே விழாவில், ஒரே நேரத்தில் தொடங்கின. வந்தேறிய ஆட்டத்துக்கு அங்கே கிடைத்த அந்தச் சமநிலை, மண்ணில் முளைத்த நம் கபடிக்கு இங்கே கிடைக்க 1985இலிருந்து இருபத்தோராண்டு ஆயிற்று.

ஆம், 2006. அதற்கு முந்தைய ஆண்டு ஹைதராபாத்தில் மகளிருக்கான முதல் ஆசியப் போட்டி நடத்தப்பெற்றது. 2006 ஆகஸ்டில் கொழும்பில் கூடிய பத்தாவது தெற்காசிய விளையாட்டு விழாவில் மகளிர் கபடி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. இந்திய மகளிர் தங்கம் வென்றனர். 1955இல் கல்கத்தாவில் இருபது வயதில் ஆடிய பெண் ஒருத்தி, கொழும்புப் போட்டி நடந்தபோது எழுபத்தொரு வயதுப் பாட்டியாகியிருப்பாள். அவளுக்குப் பின் ஆடிய தலைமுறையும் ஆடி ஓய்ந்து, பிள்ளைகளுக்குத் திருமணமும் முடித்திருக்கும். அவர்களிடையே எத்தனை வலிய கைகளும் எத்தனை நீண்ட மூச்சுகளும் இருந்தன என்பதை அளந்து சொல்ல ஒரு பதக்கப் பட்டியலும் இல்லை. இழப்பு என்று நான் கருதுவது இதனைத்தான்.

கதவு திறந்தபின் காரியம் வேகமாக நடந்தது. 2010இல் சீனாவின் குவாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் மகளிர் கபடி அறிமுகமாயிற்று. இறுதி ஆட்டத்தில் இந்தியா தாய்லாந்தை 28க்கு 14 என்ற கணக்கில் வென்றது. 2012இல் பாட்னாவில் மகளிர் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. ஈரானை 25க்கு 19 என்று வென்றோம். 2014இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் மீண்டும் ஈரான், 31க்கு 21. தெற்காசிய விழாக்களிலும் 2010, 2016, 2019 ஆகிய மூன்று முறையும் இந்திய மகளிரே தங்கம் பெற்றனர்.

கணக்குகளை ஊன்றிப் பார்ப்பவர்க்கு ஒன்று விளங்கும். ஈரான் மகளிர் மீண்டும் மீண்டும் இறுதிவரை வந்துகொண்டிருந்தார்கள். தலையை மறைத்து, கையும் காலும் மூடிய ஆடையோடு அவர்கள் ஆடினார்கள். பிடியில் ஒரு தளர்ச்சியும் காணப்படவில்லை. பெண் ஆடுவதற்கு ஆடையைத் தடையாகச் சொல்லிவந்த நம் ஊர்ப் பெரியவர்கள் அந்த ஆட்டத்தை ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். 2018 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஈரான் 27, இந்தியா 24. தங்கம் நம் கையை விட்டுப் போயிற்று. அந்த ஈரான் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் மராட்டியத்தின் நாசிக் நகரைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின் என்னும் இந்தியப் பெண்மணி.

அன்று நம்மவருள் பலர் வருந்தினர். சிலர் அவ்வம்மையாரைக் குறை கூறவும் செய்தனர். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு நாட்டின் ஆட்டம் உலகின் ஆட்டமாவது, அதனைப் பிறருக்குக் கற்றுக்கொடுத்து, பின் அவரிடம் தோற்கும் நாளில்தான். ஐம்பது ஆண்டுகளாக ‘எதிரே ஆட ஆளில்லை’ என்று காரணம் சொல்லப்பட்டது. ஜகார்த்தாவுக்குப் பிறகு அக்காரணத்தை யாரும் சொல்ல முடியாது.

அடுத்த ஆசிய விளையாட்டு 2022இல் நடக்கவேண்டியது, பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளி 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்தது. இம்முறை எதிரே நின்றது ஈரானன்று, சீன தைபே. தொடக்கத்திலேயே அவ்வணி நம்மைத் திகைக்க வைத்தது. முதற்சுற்றில் இரு அணிகளும் 34க்கு 34 என்று சமமாக முடித்தன. அக்டோபர் 7ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் இரண்டும் மறுபடி சந்தித்தன. ரிது நேகி தலைமையில் ஆடிய இந்திய மகளிர் 26, சீன தைபே 25. ஒரே ஒரு புள்ளி! மூச்சு அறுமுன் கோட்டைத் தொட்டதற்கும் தொடாததற்கும் இடையேயுள்ள தொலைவு அவ்வளவே. ஆசிய விளையாட்டு ஒன்றில் இந்தியா நூறு பதக்கங்களைத் தொட்டது அதுவே முதன்முறை. அந்த நூறாவது பதக்கம் மகளிர் கபடி வென்ற இத்தங்கம்.

இவ்வரலாற்றில் தமிழ்ப் பெண்களின் பங்கு என்ன என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரிகிறது. ஆடவருள் 1994இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் ஆடிய மணத்தி கணேசன் பெயரை அறியாதவர் இல்லை. மகளிருள், கபடிக்கு வாழ்நாள் தொண்டாற்றியதற்காகத் தமிழகத்தைச் சேர்ந்த கவிதா செல்வராஜுக்கு 2023ஆம் ஆண்டுக்குரிய தியான் சந்த் விருது அளிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் குடியரசுத் தலைவர் கையால் அவ்விருது வழங்கப்பெற்றது.

இன்னும் ஒரு பெயரைச் சொல்லி முடிக்கிறேன். சென்னையின் தென்கோடியில் கண்ணகி நகர் என்றோர் இடம் உண்டு. நம்மில் நெடுநாளைக்கு முன்பே ஊரை விட்டு வந்தவர்கள் அதனைப் பார்த்திருக்க மாட்டார்கள். 2000ஆம் ஆண்டை ஒட்டித் தோன்றிய குடியிருப்பு அது. நகரின் நடுவே கூவக்கரையிலும் பிற இடங்களிலும் குடிசை போட்டு வாழ்ந்த ஏழைக் குடும்பங்களை எழுப்பிக் கொண்டுபோய் அங்கே குடியமர்த்தினார்கள். பழகிய தெருவையும் தொழிலையும் விட்டுப் பெயர்ந்த மக்கள் என்ற முறையில் அவர்களும் நமக்கு ஒருவகையில் உறவினரே. அவ்விடத்துச் சிறுமியர் சேர்ந்து சில ஆண்டுகளாகக் கபடி பழகி வந்தனர். அவர்களுள் ஒருவரான கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைன் நாட்டில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டு விழாவில் இந்தியச் சிறுமியர் அணியின் துணைத் தலைவியாகக் களம் இறங்கினார். இறுதி ஆட்டத்தில் அவர்கள் வென்றது ஈரானை. தங்கப் பதக்கத்தோடு அவர் கண்ணகி நகருக்குத் திரும்பிய நாளில், அந்தக் குடியிருப்பின் தெருக்களில் மக்கள் மேளம் கொட்டி எதிர்கொண்டார்கள்.